ஒரு படகுத்துறை, இரண்டு ஓட்டு

இங்கிலாந்து ராஜாவோடு நடந்த போரில் என் இரண்டு கால்விரல்களை மாரிஸ்டவுன் முகாமின் பனிக்குக் கொடுத்தேன். பதிலுக்கு ஒரு சுதந்திர நாடு கிடைத்தது. ஆனால் அந்த நாட்டை யார் ஆளலாம் என்று என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதை நான் புலம்பலாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் புலம்பல்தான். எங்கள் நியூ ஜெர்ஸியில் சட்டம் அப்படி. ஐம்பது பவுண்டு பெறுமானமுள்ள சொத்து இருந்தால் ஓட்டு, இல்லாவிட்டால் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியது. நான் ஜேபஸ் தோர்ன். டெலாவேர் ஆற்றங்கரையில் பீப்பாய் செய்து பிழைக்கிறவன். கொட்டகை வாடகை, குதிரை கிடையாது, உளியும் இழைப்புளியும் என் அப்பன் விட்டுப்போனவை. என்னையும் சேர்த்து விற்றாலும் சட்டம் கேட்கிற தொகையில் பாதி தேறாது.

இதில் என் வயிற்றெரிச்சல் எங்கே என்றால், சட்டம் எழுதிய மகராசர்கள் ஆண்கள் என்று எழுதவில்லை, இங்கே குடியிருப்பவர்கள் என்று எழுதிவிட்டார்கள். அதனால் சொத்துள்ள விதவைகளும் கல்யாணமாகாத பெண்களும் ஜம்மென்று போய் ஓட்டுப் போட்டார்கள். கல்யாணமான பெண்ணுக்கு மட்டும் கிடையாது. கழுத்தை நீட்டிய நிமிஷமே அவள் வீடு, வாசல், கோழிக்குஞ்சு வரை புருஷன் பேருக்குப் போய்விடும், சொத்தோடு ஓட்டும் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் அப்படி ஓட்டுள்ள விதவை கெசையா டில். அவள் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது படகுத்துறையையும் அதை ஒட்டிய சத்திரத்தையும் விட்டுவிட்டுப் போனான். ஆறு மாதத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஊரைவிட்டுப் போவாள் என்று எல்லாரும் நினைத்தோம். அவளோ ஒரு படகை இரண்டாக்கினாள். சத்தம் போடுகிற வண்டிக்காரனைக் காதைப் பிடித்துத் தூக்கி வாசலுக்கு வெளியே விடுவாள், அவன் மறுநாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து காலைச் சாப்பாடு கேட்பான். முன்கோபி, வாயாடி, சிரிக்க ஆரம்பித்தால் அக்கரையில் பென்சில்வேனியாக்காரன் திரும்பிப் பார்ப்பான்.

ஒவ்வொரு அக்டோபரிலும் சட்டசபைத் தேர்தலுக்கு அவளை நான்தான் படகில் கூட்டிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் போவேன். நீதிமன்றக் கட்டடத்தின் முன்னால் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். ஓட்டுள்ளவர்கள் அதைத் தாண்டி உள்ளே போய், மேஜைக்கு முன்னால் நின்று, தங்களுக்கு யார் வேண்டும் என்று எல்லாரும் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் கயிற்றுக்கு வெளியே அவள் சால்வையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். திரும்பி வந்து சுக்கு ரொட்டி ஒன்றை என் கையில் வைத்து, உன் பங்குக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன், கவலைப்படாதே என்பாள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. ஆனாலும் ரொட்டியைத் தின்றுவிடுவேன்.

நான்கு வருஷம் இப்படியே போயிற்று. பீப்பாய் ஒழுகுகிறது என்று ஆளனுப்புவாள். போய்ப் பார்த்தால் ஒரு சொட்டு ஒழுகாது. நானும் வளையத்தைத் தட்டிப் பார்த்து, ஆமாம், இது பெரிய வேலை, நாளைக்கும் வர வேண்டும் என்பேன். கடைசியில் ஒருநாள் நேருக்கு நேர் கேட்கத் துணிச்சல் வராமல், பெரிய ஆப்பிள் மதுப் பீப்பாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு, என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்டேன். பீப்பாய்க்குள் என் குரல் எனக்கே இடி மாதிரி கேட்டது.

"என்னய்யா சொன்னே? தலைய வெளிய எடுத்துட்டுச் சொல்லு" என்றாள்.

எடுத்தேன். முகமெல்லாம் கசடு. மறுபடி சொன்னேன். அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "இதச் சொல்ல நாலு வருஷமா? நானும் எத்தன பீப்பாயத்தான் ஒழுகுதுன்னு சொல்றது" என்றாள். அன்று நான் கொட்டகைக்கு நடந்து போனேனா, பறந்து போனேனா, சத்தியமாகத் தெரியாது.

நவம்பரில் பன்றி அறுப்பு முடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை கல்யாணம் என்று பேசி முடித்தோம். வழக்கப்படி போதகர் கோயிலில் மூன்று ஞாயிறு எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையைப் படிக்க ஆரம்பித்தார். முதல் ஞாயிறு எல்லாரும் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாம் ஞாயிறு சிரிப்பு குறைந்துவிட்டது. மூன்றாம் ஞாயிறுதான் வந்தது வினை.

அந்த வருஷம் கோடைகாலம் முழுக்க பிலடெல்பியாவில் பெரிய மனிதர்கள் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, பதின்மூன்று மாநிலங்களுக்கும் சேர்த்து ஒரு புது அரசியல் சாசனம் எழுதியிருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய எங்கள் மாநிலத்தில் ஒரு சபை கூட வேண்டும். அந்தச் சபைக்கு எங்கள் மாவட்டம் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். போதகர் எங்கள் ஓலையைப் படித்து முடித்துவிட்டு, அதே மூச்சில், அந்தத் தேர்தல் அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை என்று அறிவித்தார்.

செவ்வாய்க்கிழமை. எங்கள் கல்யாணம் அதற்கு முந்தின நாள்.

எனக்கு முதலில் உறைக்கவில்லை. பாட்டு ஆரம்பித்து இரண்டாவது அடியில் உறைத்தது. திங்கட்கிழமை கல்யாணம் ஆனால் படகுத்துறை என் பேருக்கு வந்துவிடும். செவ்வாய்க்கிழமை கயிற்றைத் தாண்டி உள்ளே போகிறவன் நான். நாற்பத்தோரு வயதில், முதல்முறையாக, அதுவும் நாட்டையே புதிதாகக் கட்டுகிற விஷயத்தில். என் வாய் காதுவரை போய்விட்டது. பாடுகிற சாக்கில் திரும்பிக் கெசையாவைப் பார்த்தேன். அவள் பாடவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே நேரத்தில் உறைத்திருக்கிறது.

படகில் திரும்பும்போது ஆரம்பித்தது சண்டை. கல்யாணத்தைப் புதன்கிழமைக்குத் தள்ளி வைக்கலாம், தான் ஓட்டைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. போருக்குப் போனவன் நான், விரலைக் கொடுத்தவன் நான், நீ எத்தனையோ தடவை போட்டாகிவிட்டது, ஒரே ஒரு தடவை நான் போட்டால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று கத்தினேன். போதாக்குறைக்கு நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி. ஒரு ராஜாவைக் கஷ்டப்பட்டுத் துரத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு இன்னொரு ராஜாவைச் செய்கிறார்கள் என்பது என் கட்சி. குடிமகனின் உரிமை என்று ஒரு வரியாவது அதில் எழுதியிருக்கிறதா? கிடையாது. அவள் கட்சி வேறு. இந்த ஒரே ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு சட்டம், அந்தக் கரையில் ஒரு சட்டம், இங்கே செல்லுகிற நோட்டு அங்கே செல்லாது, நடு ஆற்றில் படகு நிற்கும்போது எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தனக்கே தெரியவில்லை, ஒரே அரசாங்கம் வந்தால்தான் மனிதர்கள் பிழைக்க முடியும் என்பாள்.

அன்றைக்கு அதெல்லாம் பேசி முடித்துவிட்டு, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று கேட்டாள்.

"ஒண்ணு சொல்லு ஜேபஸ். உனக்கு நான் வேணுமா, என் படகுத்துற வேணுமா?"

இதற்கு ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? நீதான் என்று சொல்ல வேண்டும். ஒரு கழுதைக்குக்கூடத் தெரியும். ஆனால் கோபம் குறுக்கே நின்றது, வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அவள் படகைத் துறையில் இடித்து நிறுத்தினாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லை. ஊருக்கு மட்டும் கொண்டாட்டம். ஆண்களில் பாதிப் பேர் என்னிடம் வந்து, விட்டுக்கொடுக்காதே, இன்றைக்கு ஓட்டு, நாளைக்கு உன் கால்சட்டையையும் கேட்பாள் என்றார்கள். மீதிப் பேர், அவள் சுடுகிற ஆப்பிள் பைப் பலகாரத்துக்காக நான் ஓட்டென்ன, மிச்சமிருக்கிற எட்டு விரலையும் கொடுப்பேன் என்றார்கள். பெண்கள் என்னைக் கண்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தார்கள். கல்யாணமான பெண்கள்தான் அதிக வேகமாக நடந்தார்கள் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை இரும்பு வளையம் வாங்கச் சைரஸின் பட்டறைக்குப் போனேன். சைரஸ் எனக்குச் சிநேகிதன். அடிமையாகப் பிறந்தவன். எஜமானுக்கு அடித்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் தனக்காகச் சுத்தியல் அடித்து, தன்னைத்தானே விலை கொடுத்து வாங்கிக்கொண்டவன். பட்டறையும் அதன் பின்னால் உள்ள நிலமும் அவன் பேரில். அவனும் கயிற்றைத் தாண்டுகிறவன்தான். அவனாவது என் பக்கம் பேசுவான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"ஏம்ப்பா, நான் சம்பாதிச்சு வாங்கினத ஒரே ஒரு நாள் முன்னாடி விட்டுக்கொடுன்னு எவனாவது என்கிட்ட கேட்டிருந்தா, நான் சுத்தியலத் தூக்கியிருப்பேன். அவ பாவம், வாயாலதான் கேட்டிருக்கா. அதுவும் ஒரு கேள்விதான். அதுக்கே உன்னால பதில் சொல்ல முடியல."

எனக்கு மூஞ்சியில் தண்ணீரை ஊற்றியதுபோல் இருந்தது. வளையத்தை வாங்காமலே திரும்பிவிட்டேன். அன்றும் மறுநாளும் பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்தேன். ஓட்டு இல்லாமல் இருபது வருஷம் வாழ்ந்தாகிவிட்டது. கேவலமாக இருந்தது, ஆனாலும் வாழ்ந்தேன். கெசையா இல்லாமல் ஒரு வாரம் ஓட்ட முடியவில்லை. ஒழுகாத பீப்பாய்க்கு யார் இனி ஆளனுப்புவார்கள்?

திங்கட்கிழமை காலையில் கல்யாணத்துக்கென்று தைத்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு சத்திரத்துக்குப் போனேன். வாசலிலேயே மூக்கைத் துளைத்தது வாசனை. சமையலறை மேஜை முழுக்க ஆப்பிள் பை, பூசணிப் பை, தேன் தடவிச் சுட்ட பன்றித் தொடை. கல்யாணம் நின்றுவிட்டது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்க, இவள் ஊருக்கே சமைத்து வைத்திருந்தாள். கை முழங்கை வரை மாவு.

நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். இந்தத் தடவை பீப்பாய் எதுவும் இல்லை. "நீதான் வேணும். படகுத்துற ஆத்தோட போனாலும் போகட்டும். நாளைக்கு நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன். ஓட்டப் போடு. அதுக்கப்புறம் கட்டிக்கோ. இல்ல, என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலன்னா, அப்பவும் நானே துடுப்புப் போடறேன்."

அவள் கையைக்கூடத் துடைக்கவில்லை. ஒரு தட்டை எடுத்தாள், பெரிய துண்டு பை வெட்டி வைத்தாள், என் முன்னால் தள்ளினாள். நான் சாப்பிட ஆரம்பித்ததும் எதிரே உட்கார்ந்து அழுதாள். கெசையா அழுது நான் பார்த்ததே இல்லை. பயந்துபோய் பை காந்தியிருக்கிறதா என்று கேட்டேன். அழுகைக்கு நடுவிலேயே சிரித்து, அந்த மாவுக் கையாலேயே என் கோட்டில் ஓர் அடி வைத்தாள். அந்த வெள்ளைத் தடத்தோடுதான் மறுநாள் தேர்தலுக்குப் போனேன். துடைக்க மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். குளிர்காலத்து வெயிலுக்கே உள்ள அந்தப் பளபளப்பு. ஆறு முழுக்கப் படகுகள், ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு, கேலி பேசிக்கொண்டு. நீதிமன்றத்தின் முன்னால் ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. சூடான ஆப்பிள் மது, சுக்கு ரொட்டி, பிடில் வாசிக்கிற ஒரு கிழவர். சைரஸ் எங்களுக்கு முன்பே வந்து ஓட்டைப் போட்டுவிட்டு மதுக் குவளையோடு நின்றான். யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன். உள்ளே கத்திச் சொன்னேனே, காது கேட்கவில்லையா என்றான்.

கெசையா கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். நான் என் வழக்கமான இடத்தில் சால்வையோடு நின்றேன். கதவு திறந்திருந்ததால் உள்ளே நடப்பது எல்லாம் தெரிந்தது. மேஜைக்குப் பின்னால் தேர்தல் அதிகாரி ஏனோக் பால்மர். நல்ல மனிதர், ஆனால் எதையும் மூன்று தடவை திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார். பேரைக் கேட்டார். சொன்னாள். பேனாவை மையில் தொட்டவர் தொட்டபடியே நிமிர்ந்து, மூன்று ஞாயிறு தானும் கோயிலில் உட்கார்ந்து ஓலை கேட்டதாகவும், நேற்றுத்தானே கல்யாணம், இன்றைக்கு நீ மனைவி, உனக்கு ஓட்டு எப்படி என்றும் கேட்டார். நடக்கவில்லை என்றாள் கெசையா. அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. கழுத்தை எட்டி வாசல் வழியாக என்னைப் பார்த்தார்.

"ஜேபஸ், நீ சொல்லுப்பா. நீ இந்தம்மா புருஷன்தான்னா, இப்பவே உள்ள வா. இந்த ஓட்டு உன்னோடது."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிற்று. பிடில் நின்றுவிட்டது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொய்தான். ஆனால் நாளைக்கு உண்மையாகப் போகிற பொய். அந்தக் கயிறு என் தொடையில் இடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். கெசையாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக ஏனோக்கைப் பார்த்துக்கொண்டு, முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியாது. 

"இல்லீங்க ஐயா" என்றேன். "நேத்து அந்தம்மா என்னைக் கட்டிக்கல. பை மட்டும்தான் போட்டாங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பில் கட்டடத்தின் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. ஏனோக்கும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டுப் பேரை எழுதினார். புதுச் சாசனத்தை ஏற்கலாம் என்று சொல்கிற மூன்று பேரின் பெயரையும் கெசையா ஒவ்வொன்றாக, மணி அடிக்கிற மாதிரி சொன்னாள். எனக்கு அந்த மூன்று பேரில் ஒருவனையும் பிடிக்காது. ஆனாலும் அவள் சொன்ன அழகுக்குக் கை தட்டினேன். என் கட்சிக்காரன் ஒருவன் என் விலாவில் இடித்தான்.

வெளியே வந்தாள். வழக்கம்போல் சுக்கு ரொட்டி வாங்கப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. என் எதிரே, கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றாள். என் கையில் இருந்த தன் சால்வையைப் பார்த்தாள். என் கோட்டில் இருந்த மாவைப் பார்த்தாள். பிறகு கட்டடத்தின் மாடியை அண்ணாந்து பார்த்து, மாஜிஸ்திரேட் லெமுவல் மேலே இருக்கிறாரா என்று சைரஸிடம் கேட்டாள். இருக்கிறார், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றான் அவன்.

"அப்ப வாய்யா. இப்பவே கட்டிக்கலாம்" என்றாள் என்னிடம். "ஓலதான் மூணு தடவ படிச்சாச்சே. பொழுது சாய்ற வரைக்கும் பேர் எழுதுவாங்க."

எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று புரிவதற்கு. இன்றைக்கே கட்டிக்கொண்டால் எனக்கும் இன்றைக்கே ஓட்டு. அப்படிச் செய்தால் துறை ஒரு நாள் முன்னாலேயே உன் கையைவிட்டுப் போய்விடுமே என்றேன். எப்படியும் நாளைக்குப் போகப்போவதுதானே என்றாள். நான் உன் ஆட்களுக்கு எதிராகத்தான் போடுவேன், தெரியுமல்லவா என்றேன்.

"தெரியும்யா. தப்பாத்தான் போடுவே. ஆனா நல்லா சத்தமாப் போடு."

லெமுவல் பன்றி இறைச்சியை வாயில் வைத்துக்கொண்டே எங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். சைரஸ் ஒரு சாட்சி, மாடிப்படி பெருக்குகிற அம்மாள் ஒரு சாட்சி. அவசரத்தில் மோதிரம் வீட்டில் கிடந்தது. சம்மதம் உண்டா என்று கேட்ட இடத்தில் எல்லாம் உண்டு உண்டு என்று சொல்லி, கெசையாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் அதைவிட இறுகப் பிடித்தாள்.  கீழே பிடில் மறுபடி ஆரம்பித்துவிட்டது, கல்யாணம் நடக்கிற சேதி அதற்குள் பரவிவிட்டது. மாடியிலிருந்து இறங்கும்போது கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

கயிற்றைத் தாண்டினேன். அதற்கு இடுப்பளவு உயரம்கூட இல்லை, ஆனால் காலைத் தூக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்காமல் சொல்கிறேன். கெசையாவும் என்னோடு வந்தாள்.

ஏனோக் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், காலையில் எழுதிய இடத்தைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நீ இப்போது சொத்துள்ளவன்தான், அதில் சந்தேகமில்லை, ஆனால் எந்தச் சொத்து? அந்தப் படகுத்துறைதானே? அது காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டதே, ஒரே துறை ஒரே தேர்தலில் இரண்டு தடவை எப்படிப் போடும் என்றார். பின்னால் நின்றவர்களில் பலர் ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் நினைத்துப் பழகியிருந்தோம். நானே அப்படித்தான் நினைத்திருந்தேன்.  இவ்வளவு தூரம் வந்து திரும்பிப் போக வேண்டியதுதான் என்று மனசு விட்டுப்போயிற்று.

கெசையா மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"ஐயா, காலைல இங்க வந்து நின்னது படகுத்துறையா? அது அங்கயே ஆத்தோரம் கெடக்குது. அதுக்கு வாய் கிடையாது. ஓட்டுப் போட்டது நான். நான் ஒரு மனுஷி. இதோ நிக்கிறாரு பாருங்க, இவரு வேற மனுஷன். என்னைக் கேட்டீங்க, சொன்னேன். இப்ப இவரக் கேளுங்க."

 ஏனோக் தாடையைத் தடவினார். மாடியிலிருந்து இறங்கி வந்த லெமுவலிடம், இப்படிப் போடக்கூடாது என்று சட்டத்தில் எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். லெமுவல் யோசித்துப் பார்த்து, இப்படி ஒரு ஜோடி வரும் என்று எவனும் நினைக்கவில்லை போலிருக்கிறது, அதனால் எழுதவும் இல்லை என்றார். ஏனோக் மூன்று தடவை அவரைத் திருப்பிக் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டு, பேனாவை மையில் தொட்டு, என்னைப் பார்த்தார்.

"பேரச் சொல்லுப்பா."

என் பேரா? பதினெட்டு வருஷமாக அந்த ஊருக்குப் பீப்பாய் செய்கிறேன். ஏனோக் வீட்டு நிலவறையில் இருக்கிறதே, அதில் பாதி என் வேலை. ஆனாலும் அன்று அவர் என் பேரைக் கேட்டபோது, அதைப் புதிதாக ஒருவன் எனக்கு வைத்ததுபோல் இருந்தது. ஜேபஸ் தோர்ன் என்றேன். பிறகு சாசனத்தைச் சந்தேகப்படுகிற எங்கள் ஆட்கள் மூன்று பேரின் பெயரையும், வீட்டுக்காரி கேட்டுக்கொண்டபடி நல்ல சத்தமாகச் சொன்னேன். இரண்டாவது பெயரில் குரல் உடைந்துவிட்டது. சமாளித்துக்கொண்டு மூன்றாவதைக் கத்தினேன். எனக்குப் பின்னால் முதலில் கை தட்டியது யார் என்று திரும்பிப் பார்த்தேன். கெசையா.

என் ஆட்கள் தோற்றார்கள். படுதோல்வி. அதைப் பிறகு கேள்விப்பட்டேன், வருத்தம்தான். குடிமகனின் உரிமையைப் பின்னால் ஜெயித்தவர்களே சாசனத்தில் சேர்த்து எழுத வேண்டியிருந்தது என்பதை இன்றைக்கும் சாப்பாட்டு வேளையில் சொல்லிக் காட்டுவேன், அது வேறு கதை. அன்றைக்கு யாருக்கும் தோல்வி ஞாபகமே இல்லை. சைரஸ் எங்கள் இரண்டு பேரையும் மதுப் பீப்பாய்மேல் ஏற்றி உட்கார வைத்தான். பிடில்காரக் கிழவர் விரல் வீங்கும்வரை வாசித்தார். ஒருவன் கணக்குப் பார்த்துவிட்டு வந்து, அட மடையர்களே, அவள் ஓட்டும் உன் ஓட்டும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டது, இதற்கு இரண்டு பேரும் வீட்டிலேயே தூங்கியிருக்கலாமே என்றான். அதைக் கேட்டுக் கெசையா சிரித்த சிரிப்பு பென்சில்வேனியா வரைக்கும் போயிருக்கும்.

வெயில் தாழத் தொடங்கியபோது படகை அவிழ்த்தோம். ஆளுக்கொரு துடுப்பு. கரையில் இருந்தவர்கள் கை ஆட்டி மறைந்ததும் அவள் துடுப்பை நிறுத்தி, நீதிமன்றம் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.  வருத்தமா என்று கேட்டேன்.

"வருத்தந்தான். இல்லாம இருக்குமா? இனிமே என் பேரக் கூப்பிட்டு உனக்கு என்ன தோணுதுன்னு கேக்க மாட்டாங்க." துடுப்பை இரண்டு தடவை வலித்தாள். "ஆனா யோசிச்சுப் பாரு. இந்த மாவட்டத்துல எந்த வீட்ல இன்னிக்குப் பொண்டாட்டி, புருஷன் ரெண்டு பேரையும் தனித்தனியாக் கேட்டிருக்காங்க? நம்ம ஒரு வீட்லதான். அத நெனச்சா எனக்கு எந்திரிச்சு ஆடணும்போல இருக்கு. படகு கவுந்துரும், அதான் சும்மா இருக்கேன்."

எனக்கு உடனே வாயில் வார்த்தை வந்தது. இந்தத் தடவை கோபம் குறுக்கே நிற்கவில்லை.

"அவங்க கேக்காட்டிப் போறாங்க. நான் கேப்பேன்" என்றேன்.

"கேட்டுத்தான்யா ஆகணும்" என்றாள் என் மனைவி. "இப்பவே கேளு. நீ போட்ட மூணு பேரப் பத்தி நான் என்ன நெனைக்கிறேன்னு கேளு."

கேட்டேன். வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.